கையூன்றி நிற்கக் கற்றல்

"தலைகீழாக நின்றாலும் இது நடவாது" என்று நம்மவர் சொல்வதுண்டு. ஒருவன் தன்னால் இயன்ற வழிகளையெல்லாம் முயன்று பார்த்துவிட்டான். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த எல்லையில் எஞ்சி நிற்கும் கடைசி முயற்சியாகத் தலைகீழாக நிற்பதை நம் மொழி கருதுகிறது. அவ்வளவு அரிய செயலா அது? பள்ளிவிட்டு வரும் பத்து வயதுச் சிறுவன் மணல்மேட்டைக் கண்டவுடன் கைகளை ஊன்றிக் கால்களை வீசி எழுகிறான், விழுகிறான், சிரித்துக்கொண்டே மறுபடியும் எழுகிறான். அவனுடைய தந்தைக்கோ அதனை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வலிமையை அளந்து பார்த்தால் தந்தையின் கைகளே வலியவை. விழுவதைப் பற்றி இருவரும் கொண்டுள்ள எண்ணந்தான் வேறு. சிறுவனுக்கு விழுதல் விளையாட்டின் ஒரு பகுதி. தந்தைக்கு விழுதல் என்பது எலும்பு முறிவு, மருத்துவச் செலவு, பத்து நாள் கூலி இழப்பு.

அத்தகைய தந்தை ஒருவர், தேகப்பயிற்சிசாலையின் வாயிலையே மிதித்தறியாதவர், கையூன்றி நிற்கும் கலையைத் தீங்கின்றிக் கற்பது எவ்வாறு என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். துணிச்சல் மிக்கவர்க்கே இக்கலை கைவரும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், அஞ்சுவதற்குக் காரணமானவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வருபவர்க்கே இது கைவருகிறது. அதற்குத் துணை நிற்பது வீட்டுச் சுவர்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். தலைகீழாக நிற்பதில் இருவகை உண்டு. உச்சந்தலையைத் தரையில் வைத்து, முன்கைகளால் அணை கொடுத்து நிற்பது ஒருவகை. இதனைச் சிரசாசனம் என்கிறோம். தலை தரையைத் தொடாமல், நீட்டிய இரு கைகளின் மீது மட்டும் உடல் முழுவதையும் தாங்கி நிற்பது மற்றொரு வகை. யோக நூலார் இதற்கு அதோமுக விருட்சாசனம் என்று பெயரிட்டனர். கீழ்நோக்கிய முகத்தையுடைய மரம் என்பது அதன் பொருள். கைகள் வேராகவும் கால்கள் கிளையாகவும் ஆகிவிடுகின்றன. சிரசாசனத்தில் உடலின் பாரத்தில் ஒரு பகுதி கழுத்தெலும்புகளின் மீது இறங்குகிறது. ஆகவே தகுந்த ஆசிரியர் இல்லாமல் அதனைப் பழகுதல் ஆகாது. கையூன்றி நிற்பதில் கழுத்திற்குப் பாரமில்லை. ஆனால் மணிக்கட்டும் தோளும் உழைக்கவேண்டியிருக்கும். விழும் உயரமும் சற்று மிகுதி. நாம் பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டை வட்டத்தில், பூதிகோட்டை என்றோர் ஊர் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றில் பெயர் பெற்றது. பூதி என்பது நம் மொழியிலும் திருநீற்றைக் குறிக்கும் சொல்லாதலால், ஊர்ப்பெயர் தமிழர் காதுக்கு அயலாக ஒலிப்பதில்லை. அதன் அண்மையில்தான் தங்கவயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அவர்கள் பாறையைக் குடைந்தார்கள். உடல் வலிமையே அம்மக்களின் முதலாக இருந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் அவ்வட்டாரத்தார் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். பாட்டன் குனிந்து நிமிர்ந்து பாறை உடைத்தான். பேரன் வண்டியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறான். தோள் முன்னோக்கி வளைகிறது; நெஞ்சு ஒடுங்குகிறது; கைகள் தலைக்கு மேல் உயர்வதே அரிதாகிறது. மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் இந்நிலை பொருந்தும். பணங்கட்டிச் சேரும் பயிற்சிக்கூடத்திற்கு நேரமும் இல்லை, மிகுதியான வருவாயும் இல்லை என்போர்க்கு, ஒரு சுவரும் ஆறடித் தரையும் போதுமான பயிற்சி எதுவென்று தேடினால், கையூன்றி நிற்றல் அவற்றுள் ஒன்றாக அமையும்.

இதே கோலார் மாவட்டத்தில் பேளூர் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14ஆம் நாள் ஓர் ஏழை ஐயங்கார் குடும்பத்தில் ஆண்மகவு ஒன்று பிறந்தது. உலகெங்கும் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. குழந்தை நோஞ்சானாகவே வளர்ந்தது. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் வந்து வருத்தின. ஒன்பது வயதில் தந்தையும் மறைந்தார். 1934ஆம் ஆண்டில் அந்த இளைஞன் மைசூருக்கு வந்து தமக்கையின் வீட்டில் தங்கினான். தமக்கையின் கணவரே மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் பயின்ற இளைஞன் 1937ஆம் ஆண்டில் யோகாசனம் கற்பிக்கும் பொருட்டுப் புனே நகருக்கு அனுப்பப்பட்டான். அப்போது வயது பதினெட்டு. மராத்தி மொழி தெரியாது. ஊரில் உறவினரும் இல்லை. அவரே பிற்காலத்தில் உலகம் அறிந்த பி. கே. எஸ். ஐயங்கார். 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் மறையும் வரை புனே நகரமே அவருக்கு ஊராயிற்று. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்று வேரூன்றிய நேயர்களுக்கு அவருடைய தொடக்க நாட்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்று நான் விரித்துரைக்கவேண்டியதில்லை.

அவர் வாழ்க்கையை இங்கு எடுத்துக் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. வலிமையோடு பிறந்தவர்க்கு வலிமையைப் படிப்படியாக எவ்வாறு பெறுவது என்பது தெரியவேண்டியதில்லை. நோயுற்ற உடலோடு தொடங்கியவர்க்கே படிகளின் அருமை தெரியும். சுவர், கயிறு, நாற்காலி, மரக்கட்டை போன்ற எளிய பொருள்களைத் துணையாகக் கொண்டு, இயலாதவரையும் ஆசனங்களில் நிறுத்தும் முறையை ஐயங்கார் பெரிதும் வளர்த்தார். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த 'லைட் ஆன் யோகா' என்னும் அவரது நூல், கையூன்றி நிற்பதைச் சுவரருகிலேயே தொடங்கச் சொல்கிறது. கைகளைச் சுவரிலிருந்து ஓரடி தொலைவில் தோளளவு அகலத்தில் வைக்கவேண்டும் என்றும், அதனினும் தள்ளி வைத்தால் கால்கள் சுவரில் சாயும்போது முதுகு மிகையாக வளைந்து வருந்தும் என்றும் அது எச்சரிக்கிறது. பெரும் பயிற்சியாளர் ஒருவரே சுவரை விலக்கச் சொல்லவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி, உடல் எவ்வாறு தலைகீழாக நிலைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். சிறுவர்கள் நீண்ட கம்பு ஒன்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவதைக் கண்டிருப்பீர்கள். கம்பு சாயும் பக்கமாகக் கை நகர்ந்துகொண்டே இருக்கும் வரை கம்பு விழுவதில்லை. நிலைத்து நிற்றல் என்பது அசையாதிருத்தல் அன்று. விழப்போவதை ஒவ்வொரு கணமும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டிருத்தலே ஆகும். இரு கால்களில் நிற்கும்போதும் இதுவே நடைபெறுகிறது. உடல் முன்னே சாய்ந்தால் கால்விரல்கள் தரையை அழுத்துகின்றன. பின்னே சாய்ந்தால் பாரம் குதிகாலுக்குச் செல்கிறது. ஓராண்டுக் குழந்தையாக இருந்தபோது பலமுறை விழுந்து கற்றுக்கொண்ட வித்தையாதலால் இப்போது நாம் அதனை உணர்வதில்லை.

கையூன்றி நிற்கும்போது மணிக்கட்டு கணுக்காலின் வேலையையும், கைவிரல்கள் கால்விரல்களின் வேலையையும் ஏற்கின்றன. கால்கள் தலையைக் கடந்து அப்பால் சாயத் தொடங்கினால், விரல் நுனிகளால் தரையை அழுத்தவேண்டும், உடல் மீளும். கால்கள் எழுந்த பக்கமே திரும்பி விழத் தொடங்கினால், உள்ளங்கையின் அடிப்பகுதிக்குப் பாரத்தை மாற்றித் தோளால் திருத்தவேண்டும். இவ்விரண்டில் முன்னதே எளிது. ஆகவே தேர்ந்தவர்கள் பாரத்தை உள்ளங்கையின் அடியில் மட்டும் வைக்காமல், விரல்களின் பக்கமாகச் சற்றே செலுத்தி நிற்பார்கள். விரல்களை நன்கு விரித்து, தரையைப் பற்றிக்கொள்வதுபோல் சற்று மடித்து வைப்பதன் காரணமும் இதுதான். பாதத்தைவிடக் கை சிறியது. கணுக்காலைவிட மணிக்கட்டு மெலியது. ஆதலால் இவ்வித்தையைக் கற்க வாரங்களும் திங்கள்களும் ஆவது இயல்பே.

தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும்: இப்பயிற்சி யாருக்கு ஆகாது? இரத்த அழுத்தம் மிகுந்தவர், இருதய நோயுள்ளவர், கண்ணழுத்த நோய் உடையவர், விழித்திரையில் கோளாறு உள்ளவர், கருவுற்ற மகளிர், தோள் அல்லது மணிக்கட்டில் அடிபட்டவர், கழுத்தெலும்புத் தேய்வினால் வருந்துபவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. சென்னைச் சங்கர நேத்திராலயத்தின் மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர் 75 பேரைச் சோதித்து 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணினுள் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது அதில் தெரியவந்தது. அந்த ஆய்வு சிரசாசனத்தைப் பற்றியதே எனினும், தலை கீழே இருக்கும் எந்நிலையிலும் கண்ணழுத்தம் உயரும் என்பதால், கண்ணழுத்த நோயுடையோர் விலகி நிற்பதே அறிவுடைமை. நாற்பது வயதைக் கடந்தோர் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை சோதித்துக்கொண்டு தொடங்குவது நலம். தலைகீழாக நின்றால் முடி கருத்து வளரும், மூளை கூர்மையடையும் என்றெல்லாம் சிலர் கூறுவர். அவற்றை நம்பித் தொடங்கவேண்டா. மூளைக்குச் செல்லும் குருதியின் அளவை உடல் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது.

அடுத்தது சுவர். செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய உறுதியான சுவராக அது இருத்தல் வேண்டும். தட்டிச் சுவர், பலகைத் தடுப்பு, தாழில்லாத கதவு ஆகியவை ஆகா. சன்னலும் மின்விசைப் பொத்தானும் மாட்டிய படமும் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் நான்கடி வெற்றிடம் இருக்கட்டும். கட்டில் விளிம்பும் அம்மிக்கல்லும் அருகில் இருக்கலாகாது. தரை வழுக்காததாக இருக்கவேண்டும். மெத்தை போன்ற மிருதுவான விரிப்பில் மணிக்கட்டு அமிழ்ந்து வருந்தும். ஆகவே கையூன்றும் இடத்தில் வெறுந்தரையே நல்லது. உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வேட்டியும் சேலையும் இதற்கு ஏற்ற உடைகள் அல்ல. கால்களோடு ஒட்டிய உடையும், இடுப்பில் செருகிய மேற்சட்டையும் வேண்டும். காலுறை அணிந்தால் சுவரில் வழுக்கும்.

பயிற்சிக்கு முன் மணிக்கட்டைப் பதப்படுத்துதல் இன்றியமையாதது. மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துக் கொடுங்கள். பின்னர் விரல்கள் முழங்காலை நோக்கியிருக்குமாறு கைகளைத் திருப்பி வைத்து, மெல்லப் பின்னே சாயுங்கள். கடைசியாக, உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் பத்து முறை உயர்த்தி இறக்குங்கள். இவற்றுக்கு மூன்று மணித்துளிகள் போதும். தசை களைத்து வலிப்பது வேறு. மூட்டினுள் குத்துவது வேறு. முன்னது வளர்ச்சியின் அடையாளம். பின்னது நிறுத்தச் சொல்லும் கட்டளை.

முதற்படி, தோளுக்கு வலிமை தேடுவது. நம் ஊர்த் தேகப்பயிற்சிசாலைகளில் தண்டால் எடுப்பதைப் பலரும் அறிவர். தண்டாலின் தொடக்க நிலையில், அதாவது கைகளை நேராக நீட்டி உடலைப் பலகைபோல் விறைப்பாக வைத்த நிலையில், அசையாமல் நில்லுங்கள். முழங்கை மடங்கலாகாது, இடுப்பு தொய்யலாகாது. அரை மணித்துளி நிற்க முடிந்தால், இடுப்பை மேலே உயர்த்தி, உடலைக் கூரைபோல் மடித்து, தரையைக் கைகளால் தள்ளி நில்லுங்கள். யோக நூலார் இதனை அதோமுக சுவானாசனம் என்பர். தோள்கள் காதுகளை நெருங்கும்படி தரையைத் தள்ளும் இந்தப் பழக்கம், பின்னர் முழு உடலையும் தாங்கும்போது கைகொடுக்கும். இவ்விரண்டையும் ஒரு நிமிடம் வருத்தமின்றிச் செய்ய முடியும் வரை, இரண்டு மூன்று வாரங்களானாலும், இப்படியிலேயே நில்லுங்கள்.

இரண்டாம் படி, சுவரில் ஏறுவது. சுவருக்கு முதுகு காட்டி மண்டியிட்டு, தண்டால் நிலைக்கு வந்து, குதிகால்களைச் சுவரின் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாதத்தை எடுத்துச் சுவரில் வைத்து, மற்றதையும் தொடர்ந்து வைத்து, பாதங்களால் சுவரில் நடந்து ஏறுங்கள். அதற்கேற்பக் கைகளைச் சுவரை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். பாதங்கள் இடுப்பின் உயரத்திற்கு வந்ததும் நிறுத்துங்கள். 'ட' என்னும் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல, உடல் செங்குத்தாகவும் கால்கள் கிடையாகவும் இருக்கவேண்டும். இந்நிலையில் பத்து எண்ணும் வரை நின்று, அதே வழியில் இறங்குங்கள். ஐந்து முறை போதும். கால்களை வீசாமல், எந்தக் கணமும் இறங்கிவிடலாம் என்னும் உறுதியோடு தலைகீழாக இருக்கப் பழகுவதே இப்படியின் நோக்கம். உலகம் கவிழ்ந்து தெரிவதால் எழும் திகைப்பு ஒரு வாரத்தில் தணியும். அதன் பின் நாள்தோறும் சற்று மேலே ஏறி, வயிறும் மார்பும் சுவரை நெருங்கும் வரை செல்லலாம். இறங்குவதற்கு வேண்டிய வலிமையை மிச்சம் வைத்துக்கொண்டே ஏறவேண்டும். களைத்த பின் இறங்க முயல்வதே விபத்துக்கு வழி.

மூன்றாம் படி, விழக் கற்பது. இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். அவர்களுடைய அச்சம் நீங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். கால்கள் அப்பால் சாய்ந்துவிட்டால் முதுகு தரையில் மோதுமே என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். அதற்கு மாற்று, பக்கவாட்டில் இறங்குதல். சாயத் தொடங்கியவுடன் ஒரு கையை எடுத்து ஓரடி முன்னே வைத்து, இடுப்பை அப்பக்கமாகத் திருப்பினால், வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள்போல் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்கு வரும். முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு பக்கமிருந்து மறுபக்கத்திற்குக் கால்களைத் தாழ்வாகத் தாவி வைத்துப் பழகுங்கள். நாளடைவில் கால்களின் உயரத்தைக் கூட்டுங்கள். சுவரில் ஏறி நின்ற நிலையிலிருந்தும் ஒரு கையைத் தள்ளி வைத்துப் பக்கவாட்டில் இறங்கிப் பாருங்கள். குட்டிக்கரணம் அடித்து இறங்குவதும் ஒரு முறைதான். ஆனால் பழகாதவர்க்கு அது கழுத்தைத் தாக்கக்கூடும். பக்கவாட்டில் இறங்கும் வழி உடம்புக்குத் தெரிந்துவிட்டால், மனம் தானே அமைதியடையும். விழத் தெரிந்தவனுக்கே நிற்கவும் தெரியும் என்பது இக்கலையில் சொல்லுக்குச் சொல் உண்மை.

நான்காம் படி, கால்களை வீசி எழுதல். இப்போது சுவரை நோக்கி நின்று, சுவரிலிருந்து ஒரு சாண் முதல் ஓரடி தொலைவில் கைகளைத் தோளளவு அகலத்தில் ஊன்றுங்கள். முழங்கைகளை நேராக்கி, தோள்களை மணிக்கட்டுக்கு நேர்மேலே கொண்டுவாருங்கள். பார்வை இரு கைகளுக்கும் நடுவே தரையில் ஓர் இடத்தில் பதிந்திருக்கட்டும். பார்வை நிலைத்தால் உடலும் நிலைக்கும். ஒரு காலை நேராகப் பின்னே உயர்த்தி, தரையில் உள்ள காலால் மெல்ல உந்துங்கள். முதற் சில நாட்களில் கால்கள் சுவரைத் தொடாமலேயே திரும்பிவிடும். அதனால் குறையொன்றும் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குதிகாலைச் சுவரில் மோதுவதைவிட, அளவாக உந்தி வந்து ஒரு குதிகால் ஓசையின்றிச் சுவரைத் தொடுவதே தேர்ச்சி. அடுத்த வீட்டார் வந்து விசாரிக்கும் அளவுக்கு ஓசை எழுந்தால் உந்துதல் மிகுதி என்று கொள்ளலாம். மற்றொரு காலும் வந்து சேர்ந்ததும், தரையைத் தள்ளி உயருங்கள். அடிவயிற்றை உள்ளிழுத்து விலா எலும்புகளை அடக்குங்கள். கால்களை இறுக்கிச் சேர்த்து மேல்நோக்கி நீட்டுங்கள்.

சுவரின் துணையோடு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, மூச்சுத் திணறாமல் நிற்க முடிந்த பிறகே ஐந்தாம் படியை எண்ணவேண்டும். சுவரில் சாய்ந்திருக்கும் குதிகால்களில் ஒன்றை அரை விரற்கடை விலக்குங்கள். விரல்களால் தரையை அழுத்தி, மற்றதையும் விலக்கிப் பாருங்கள். ஒரு கணம் நிற்கும். மறுகணம் கால் சுவருக்குத் திரும்பும். அந்த ஒரு கணத்தில் விரல்கள் செய்த வேலைதான் முழுக் கலையும். ஒரு கணம் இரண்டாகும், இரண்டு ஐந்தாகும். பின்னர் ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு திறந்த வெளியில் முயலலாம். துணைவர் பக்கவாட்டில் நின்று தொடையையோ இடுப்பையோ இலேசாகப் பிடிக்கவேண்டும். கால்கள் வீசியெழும் திசையில் நின்றால் முகத்தில் உதை விழும். தனியே பழகுபவர் சுவரை விட்டுத் தொலைதூரம் போகாதிருப்பதே நல்லது.

இடையில் நேரும் பிழைகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முழங்கை மடங்குதல் முதற்பிழை. மடங்கிய முழங்கை எந்நேரமும் தலையைத் தரையில் இறக்கிவிடும். தலையை மிகையாக நிமிர்த்தித் தரையை வெறித்துப் பார்த்தல் இரண்டாவது. அதனால் கழுத்து நொடிந்து முதுகு வாழைப்பழம்போல் வளையும். மூச்சை அடக்குதல் மூன்றாவது. அடக்கிய மூச்சு குருதியழுத்தத்தை உயர்த்தும், களைப்பையும் விரைவுபடுத்தும். இறங்கியவுடன் சட்டென்று எழுந்து நிற்றல் நான்காவது, தலை சுற்றும். ஆகவே இறங்கியதும் மண்டியிட்டு, நெற்றியைத் தாழ்த்தி, பத்து மூச்சு ஓய்ந்த பிறகே எழவேண்டும்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் என்று பழகினால், இரண்டு மூன்று திங்களில் பலருக்குச் சுவரருகே நிற்பது கைவரும். சுவரின்றி ஐந்து கணம் நிற்க ஆறு திங்களும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். நாள்விட்டு நாள் பழகுவது மணிக்கட்டுக்கு நல்லது. களைப்பில்லாதபோது செய்த ஐந்து முயற்சி, களைத்தபின் செய்த ஐம்பதைவிட மேலானது. ஒரு நாள் வந்தது மறுநாள் வாராமற்போகும். உறக்கம் குறைந்தாலும் மனம் கலங்கினாலும் விரல்கள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் சோர்வடைய வேண்டியதில்லை.

இவ்வாறு பழகும் படிதான் பெரிய வித்தைகளுக்கும் அடிப்படை. சீருடற்பயிற்சி என்று இன்று அழைக்கப்படும் ஜிம்னாஸ்டிக்ஸில், சிறார்க்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது கையூன்றி நிற்றல். வடக்கே அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகர், தட்டையான பாதங்களை உடைய சிறுமியாக இவ்விளையாட்டில் சேர்ந்தார். தாவுவதற்கும் தரையிறங்குவதற்கும் தட்டைப் பாதம் தடை என்று கருதப்படுவதுண்டு. அவரோ 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தாவுமேசைப் போட்டியில் நான்காம் இடம் பெற்றார். மேசைமேல் கையூன்றித் துள்ளிக் காற்றில் இருமுறை கரணமடித்து இறங்கும் அவருடைய தாவல், உலகில் மிகச் சிலரே முயன்ற ஒன்று. மேற்குக் கடற்கரையில் தலைச்சேரி ஊரில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் ஆசிரியர் தேகப்பயிற்சி கற்பித்து, சர்க்கஸ் கலைக்கு வித்திட்டார். கூடாரத்தின் உச்சியில் ஒற்றைக் கையில் நிற்பவர்களும் ஒரு காலத்தில் தரையில் இரு கைகளை ஊன்றித் தடுமாறியவர்களே.

அந்த உயரங்களுக்குச் செல்வது நமது நோக்கமன்று. நாம் நாடுவது எளிய பயன்கள். கைகளும் தோள்களும் வலுப்பெறும். ஒடுங்கிய நெஞ்சு விரியும். நாளெல்லாம் முன்னே வளைந்த தோள், தலைக்கு மேல் நேராக நீளக் கற்றுக்கொள்ளும். இவற்றோடு, அஞ்சத்தக்க ஒன்றைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து நாளொரு படியாகக் கடக்கும் பழக்கமும் வந்து சேரும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நேயர்கள் வீடு மாறுவது அடிக்கடி நேர்வது. வேலை மாறினால் தெரு மாறும். தெரு மாறினால் அண்டை வீட்டாரின் மொழியும் மாறும். எந்த ஊரிலும் சுவர் ஒன்று இருக்கும். இன்று மாலை அதனைக் கையால் தட்டி உறுதி பாருங்கள். அருகிலுள்ள பொருள்களை அகற்றுங்கள். கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்க நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும் வரை மணிக்கட்டைப் பதப்படுத்தி, தண்டால் நிலையில் முப்பது எண்ணுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்களையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல்மேட்டில் தாமாகக் கற்றவர்களுக்கு முறையாக இறங்கும் வழியை நீங்கள் கற்பிக்கலாம்; விழுந்தால் சிரிப்பது எவ்வாறு என்பதை அவர்கள் உங்களுக்குக் கற்பிப்பார்கள்.